மவுண்டன் பைக்குக்கு எடை குறைந்த, வளையாத கிராங்க் எப்படித் தேர்ந்தெடுப்பது?

பெடலையும் சைக்கிளின் நடு அச்சையும் இணைக்கும் கைதான் கிராங்க். நீங்கள் மிதிக்கும் விசை இதன் வழியாகத்தான் செயினுக்குப் போகிறது. எழுந்து நின்று ஓங்கி மிதிக்கும்போது அது கொஞ்சம் வளைந்தாலும் காலுக்குக் கீழே ஏதோ தொளதொளவென்று இருப்பதுபோலத் தோன்றும்.

எடையும் குறைய வேண்டும், வளையவும் கூடாது என்றால் எப்படி? எல்லாம் வடிவத்தில்தான் இருக்கிறது. ஒரு தாளை ஓரத்தில் பிடித்துத் தூக்கினால் தொங்கிவிடும். அதையே குழாயாகச் சுருட்டினால் விறைப்பாக நிற்கும். எடை கூடவில்லை, பொருள் நடுவிலிருந்து விலகிப் போனது, அவ்வளவுதான். அதனால்தான் நல்ல அலுமினிய கிராங்குகள் பலவும் உள்ளே கூடாக இருக்கின்றன. அச்சும் அப்படியே. 24 மி.மீ. எஃகு அச்சு, 30 மி.மீ. அலுமினிய அச்சு இரண்டும் பரவலாக உண்டு. அலுமினியத்தின் விறைப்பு எஃகில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான்; அந்தக் குறையை விட்டம் ஈடுகட்டுகிறது. வாங்குமுன் அச்சு உங்கள் ஃபிரேமின் பாட்டம் பிராக்கெட்டுக்கு, அதாவது அச்சைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் பகுதிக்கு, பொருந்துமா என்று பாருங்கள்.

கார்பன் இன்னும் இலேசு. ஆனால் மலைப் பாதையில் கல்லில் இடிபடாத கிராங்க் ஏது? கார்பன்தான் வேண்டுமென்றால் முனைக்கு ரப்பர் உறை போடுங்கள். முரட்டுத்தனமாக ஓட்டுபவருக்கு நான் அலுமினியத்தையே சொல்வேன்.

அப்புறம், கிராங்க் சுழலும் பாகம் என்பதால் அதில் குறையும் எடை இரு மடங்கு பலன் தரும் என்பார்கள். வேகமெடுக்கும்போது சக்கர விளிம்புக்கு அது பொருந்தும். மெதுவாகச் சுழலும் கிராங்கில் 100 கிராம் குறைவதும் ஃபிரேமில் 100 கிராம் குறைவதும் ஏறக்குறைய ஒன்றே.