ஒரு கை குட்டையாக இருக்கிறது. அறுவை சிகிச்சையால் நீளமாக்க முடியுமா?

முடியும். எனக்குச் செய்திருக்கிறார்கள்.

ஒரு கை 7 சென்டிமீட்டர் குட்டை, நீளமாக்க என்னென்ன வழி, எவ்வளவு சீக்கிரம் முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். ‘சீக்கிரம்’ என்று இரண்டு இடத்தில் எழுதியிருப்பதைப் பார்த்தால், வீட்டில் வரன் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் பேச்சு அப்படித்தான் தொடங்கியது.

எனக்கு ஊர் காரைக்குடிப் பக்கம். கைக்குழந்தையாக இருந்தபோது இடது தோள்மூட்டில் சீழ் பிடித்தது. மேற்கை எலும்பின் வளர்ச்சியில் ஏறத்தாழ 80 சதவீதம் தோளை ஒட்டிய வளர்ச்சித் தட்டிலிருந்துதான், அதாவது சிறுவயதில் எலும்பு நீளும் மெல்லிய பகுதியிலிருந்துதான் வருகிறது. அது கெட்டுவிட்டதால் வயது ஏற ஏற வித்தியாசமும் ஏறியது.

அத்தைமார்களுக்கு என் ரவிக்கைக் கை கண்ணை உறுத்தியது. எனக்கு உறுத்தியது வேறு. ஆத்தா பலகாரம் செய்து விற்கிறார்கள். தேன்குழல் அச்சை இரண்டு கையாலும் பிடித்து, காய்ந்த எண்ணெய்க்கு மேல் மட்டமாக வைத்து அழுத்தவேண்டும். என் கையில் அச்சு சாயும். சாயாமலிருக்க இடுப்பை முறுக்கிக்கொண்டு நிற்பேன்; சாயங்காலம் முதுகு விட்டுப்போகும். ஸ்கூட்டர் ஓட்டினாலும் அதே முறுக்கல்தான். மதுரையில் டாக்டரிடம் இதைத்தான் சொன்னேன். கால்போலக் கை உடம்பைத் தாங்குவதில்லை, அதனால் சின்ன வித்தியாசத்துக்குக் கத்தி வைப்பதில்லை, ஐந்தாறு சென்டிமீட்டரைத் தாண்டி வேலைக்கும் இடைஞ்சலாக இருந்தால்தான் யோசிப்போம் என்றார். உங்கள் கேள்வியில் அளவு இருக்கிறது. அந்தக் கையால் எது முடியவில்லை என்பது இல்லை. டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.

முறை இதுதான். சைபீரியாவின் குர்கான் நகரில் இலிசாரோவ் என்ற எலும்பு மருத்துவர் 1950களில் வளர்த்தெடுத்தது. எலும்பை வெட்டி, ஒரு வாரம்போல விட்டுவைத்து, பிறகு இரு துண்டுகளையும் நாளுக்கு 1 மில்லிமீட்டர் வீதம் விலக்கிக்கொண்டே போனால், நடுவில் புது எலும்பு வளர்கிறது. அந்த ஒரு மில்லிமீட்டரையும் ஒரேயடியாகத் திருகக்கூடாது. கால் கால் மில்லிமீட்டராக நான்கு வேளை. விலக்குவதற்குக் கைக்கு வெளியே ஒரு சட்டம் வைத்து, தோலைத் துளைத்து எலும்பில் இறங்கும் ஊசிகளால் பொருத்துவார்கள். கையைச் சுற்றி வரும் வளையச் சட்டம் உண்டு, ஒரே பக்கமாகப் பொருத்தும் தண்டவாளச் சட்டமும் உண்டு. எனக்கு வைத்தது இரண்டாவது. எலும்புக்குள்ளேயே வைத்து, வெளியிலிருந்து காந்தக் கருவியால் நீட்டும் கம்பியும் வந்திருக்கிறது. அதில் தோலைத் துளைக்கும் ஊசிகள் கிடையாது. ஆனால் விலை மிக அதிகம். எலும்பின் உட்குழலும் அதற்கு இடம் கொடுக்கவேண்டும்.

வெளிச்சட்டம் என்றால் சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு மாதம் அது கையிலேயே இருக்கும். உங்கள் அளவுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தை பிறந்ததும் முகூர்த்தம் என்று யாராவது நாள் குறித்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வேளை தவறாமல் ஆத்தா வளவில் (வீட்டு முற்றத்தில்) என்னை உட்காரவைத்து ஸ்பேனரால் திருகுவார்கள். திருகும்போது வலி பெரிதாக இல்லை. இராத்திரிதான் கைச்சதை விண்விண்ணென்று தெறிக்கும். ஊசி இறங்கிய ஒவ்வொரு இடத்தையும் உப்புநீரில் நனைத்த துணியால் துடைக்கவேண்டும்; ஒன்றில் சீழ் வைத்து மாத்திரை சாப்பிட்டேன். ஒருநாள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, புறங்கையில், மரத்துப்போனது. மேற்கை எலும்பைச் சுற்றிப் போகும் நரம்பு இழுபடுகிறது என்று டாக்டர் சொல்லி, திருகுவதைப் பாதியாகக் குறைத்தார். உணர்ச்சி திரும்பியது. கடைசி ஒரு சென்டிமீட்டர் வேண்டாம் என்று நானே நிறுத்தச் சொல்லிவிட்டேன். இப்போது அச்சு மட்டமாக நிற்கிறது, எனக்கு அது போதும்.

ஆண்டவன் கொடுத்த கையை வெட்டலாமா, இருப்பதை ஏற்றுக்கொள்ளத் தெரியாதா என்று இதற்குக் கீழே எழுத வருகிறவர்களுக்கு: நான் யாரையும் செய்துகொள்ளச் சொல்லவில்லை. நான் டாக்டரும் இல்லை. என் முதுகு வலித்தது, செய்துகொண்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்து வைத்துப் புழுங்குகிறது. என் கைச் சிகிச்சைச் செலவுக்காகத்தான் எங்கள் வளவு வீட்டுப் பர்மாத் தேக்குத் தூண்களை விற்றார்கள் என்று ஊரில் இன்னமும் பேசுகிறார்கள். விற்றது பங்காளிகள். வெளியூரில் இருந்துகொண்டு, பூட்டிக் கிடக்கிறதே என்று பழம்பொருள் வியாபாரியிடம் பேசி முடித்துவிட்டார்கள். அப்பச்சி, அதாவது என் அப்பா, கையெழுத்துக்கூடப் போடவில்லை. ஐயா காலத்தில் கப்பலில் வந்த மரம் அது. முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய சுவர் ஒரு கீறல் இல்லாமல் நிற்க, தூண் நின்ற இடங்களில் இப்போது சிமெண்டுக் கட்டை. என் சிகிச்சைக்குப் போனது ஆத்தாவின் வளையலும் பலகாரக் காசும்தான்.

உங்களுக்குக் குட்டை மேற்கையா, முன்கையா? முன்கை என்றால் நான் எழுதியது அப்படியே பொருந்தாது. அங்கே இரண்டு எலும்பு. ஒன்று மட்டும் குட்டையானால் மணிக்கட்டே ஒரு பக்கம் கோணிவிடும், எதை எவ்வளவு நீட்டுவது என்ற கணக்கே வேறு. இரண்டு கைக்கும் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு, எலும்பு நீட்டுவதையே வழக்கமாகச் செய்யும் டாக்டராகப் பார்த்துப் போங்கள். எந்த நரம்புக்கு ஆபத்து, அது வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிட்டு அப்புறம் தேதி வாங்குங்கள்.