சின்ன டிரஸ்ட்டுக்கும் சைபர் ஆபத்து உண்டா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

எங்கள் அறக்கட்டளையின் வங்கிக் கணக்கில் பெரிய தொகை எதுவும் இல்லை. எங்களை யார் குறிவைக்கப் போகிறார்கள்?

பணம் இல்லாவிட்டாலும் விவரங்கள் இருக்கின்றனவே! நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை தரும் 80ஜி ரசீதுக்கு வாங்கிய பான் எண், பயனாளிகளின் ஆதார் நகல், குழந்தைகளின் படங்கள் எல்லாம் உங்களிடம்தானே இருக்கின்றன? சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் சர்வர்களுக்குள் யாரோ புகுந்திருப்பது 2022 ஜனவரியில் தெரியவந்தது. போரிலும் பேரிடரிலும் குடும்பத்தைப் பிரிந்தவர்கள், காணாமல் போனவர்கள், சிறையில் இருப்பவர்கள் என 5,15,000 பேருக்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் அங்கே இருந்தன. ஒரு மென்பொருளின் ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை உரிய நேரத்தில் போடவில்லை. அந்த வழியாக 2021 நவம்பர் 9 அன்று நுழைந்தவர்கள் சுமார் 70 நாள் யார் கண்ணிலும் படவில்லை. நம்மை நம்பி வந்தவர்களின் விவரம் வெளியே போனால், பணத்தைப் போல அதைத் திரும்பக் கட்டிவிட முடியாது. அதனால் தேவைக்கு மேல் எதையும் வாங்கி வைக்காதீர்கள். வேலை முடிந்த ஆதார் நகல்களை இன்றே அழித்துவிடுங்கள்.

பொருள் சப்ளை செய்பவரின் வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக எங்கள் செயலாளரின் மெயிலில் இருந்து தகவல் வந்தது. பணம் அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். முதலில் செயலாளருக்கும் சப்ளையருக்கும் போன் செய்யுங்கள். மெயிலில் உள்ள எண் வேண்டாம், ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் எண்ணில் கூப்பிடுங்கள். 2017-இல் அமெரிக்காவின் சேவ் த சில்ட்ரன் அமைப்பு இப்படித்தான் ஏமாந்தது. ஊழியர் ஒருவரின் மெயிலுக்குள் புகுந்தவர்கள், பாகிஸ்தான் சுகாதார மையங்களுக்கு சோலார் பேனல் என்று போலி பில் அனுப்பினார்கள். ஏறக்குறைய 10 லட்சம் டாலர் ஜப்பானில் உள்ள ஒரு கணக்குக்குப் போய்விட்டது. காப்பீடு இருந்ததால் பெரும்பகுதி மீண்டது. நம்மூர் டிரஸ்ட்களில் எத்தனை பேரிடம் அந்தக் காப்பீடு இருக்கிறது? ஒருவேளை பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். தாமதிக்கத் தாமதிக்க, பணத்தை நிறுத்தி வைக்கும் வாய்ப்பு குறையும்.

நன்கொடையாளர் பட்டியல் ஒரு கம்பெனியின் கிளவுடில் இருக்கிறது. பாதுகாப்பு அவர்கள் பொறுப்புதானே?

பாதிப் பொறுப்பு உங்களுடையது. தொண்டு நிறுவனங்களுக்கு மென்பொருள் தரும் பிளாக்பாட் 2020-இல் ரான்சம்வேர் (தரவைப் பிடித்துவைத்துப் பணம் கேட்கும் மென்பொருள்) தாக்குதலுக்கு ஆளானது. 13,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் அமைப்புகள் பாதிக்கப்பட்டன. வங்கி விவரங்கள் போகவில்லை என்று முதலில் சொன்னார்கள்; சிலருடையது போயிருந்தது பிறகு தெரிந்தது. தங்கள் நன்கொடையாளர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது அந்தந்த அமைப்புகள்தான்.

ஒரே ஜிமெயில் பாஸ்வேர்டை எல்லாத் தன்னார்வலர்களும் பயன்படுத்துகிறோம். பரவாயில்லையா?

வேண்டாம். ஆளுக்கொரு ஐடி கொடுங்கள், பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். கூகுள் தொண்டு நிறுவனங்களுக்கு இத்தகைய ஐடிகளை இலவசமாகவே தருகிறது, விண்ணப்பியுங்கள். விலகிப் போகிறவரின் ஐடியை அன்றைக்கே மூடிவிடுங்கள்.