லூபஸுக்கு ட்ரிப் ஏற்றினால் குழந்தை பிறக்காதா?

கேள்வி: எனக்கு 27 வயது, தென்னாப்பிரிக்காவில், டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் இருக்கிறேன். போன வருடம் லூபஸ், அதாவது உடம்பின் எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்கும் நோய், என்று தெரிந்தது. இப்போது சிறுநீரகத்தில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்து 'கிளாஸ் 4' என்கிறார்கள். சைக்ளோபாஸ்பமைடு மருந்தை மாதம் ஒருமுறை ஆறு மாதம் ட்ரிப்பாக ஏற்ற வேண்டுமாம். அது கருப்பையை மூடிவிடும் என்கிறார் என் அத்தை. அடுத்த வருடம் கல்யாணம் பேசியிருக்கிறது. கல்யாணம் முடிந்து ஒரு குழந்தை பெற்ற பிறகு இந்த ட்ரிப்பை ஏற்றிக்கொள்ளலாமா? தைப்பூசத்துக்குக் காவடி வேறு நேர்ந்திருக்கிறேன், எடுக்கலாமா?

பதில்: குழந்தை பெற்ற பிறகு ட்ரிப் ஏற்றலாமா என்று கேட்டீர்களே, அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூடாது தங்கச்சி. கிளாஸ் 4 என்றால் சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் பாதிக்கு மேல் இப்போது வீங்கிக் கொதித்துக்கொண்டிருக்கின்றன. வீக்கமாக இருக்கும்வரை மருந்தால் அடக்கலாம், தழும்பாகிவிட்டால் எந்த மருந்தாலும் திரும்பாது. ஒன்றரை வருடம் தள்ளிப்போட்டால் நீங்கள் டயாலிசிஸில் போய் நிற்கக்கூடும், அந்த நிலையில் மாதவிடாயே ஒழுங்காக வராது, கரு தங்குவதும் கஷ்டம். சிறுநீரகம் கொதிக்கும்போது கர்ப்பமானால் ரத்த அழுத்தம் எகிறும், குழந்தை குறைமாதத்தில் பிறக்கலாம், கலையவும் கலையலாம். குழந்தை வேண்டும் என்பதற்காகத்தான் சிகிச்சையைத் தள்ளிப்போட நினைக்கிறீர்கள், ஆனால் தள்ளிப்போட்டால் முதலில் போவது அந்த வாய்ப்புதான்.

இப்போது அத்தை சொன்னது. கருப்பையை இந்த மருந்து ஒன்றும் செய்யாது. ஆனால் அவர் முழுக்கத் தப்பாகவும் சொல்லவில்லை, இடத்தை மட்டும் மாற்றிச் சொல்லிவிட்டார். அடிபடுவது சினைப்பை. பெண் பிறக்கும்போதே அவளுக்குரிய கருமுட்டைகள் எல்லாம் உள்ளே இருக்கின்றன, பிறகு புதிதாக எதுவும் சேர்வதில்லை, வருடம் போகப் போகக் குறைந்துகொண்டே வரும். சைக்ளோபாஸ்பமைடு அந்தச் சேமிப்பை வேகமாகக் கரைக்கிறது. எவ்வளவு கரைக்கும் என்பது இரண்டு விஷயத்தைப் பொறுத்தது: மொத்தம் எத்தனை கிராம் உள்ளே போகிறது, உங்கள் வயது என்ன. 1993-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் ஏழு மாத ட்ரிப்போடு நிறுத்திக்கொண்ட 16 பெண்களில் 2 பேருக்கு மாதவிடாய் நிலையாக நின்றுபோனது. பதினைந்தும் அதற்கு மேலும் ட்ரிப் ஏற்றிக்கொண்ட 23 பேரில் 9 பேருக்கு. முப்பது தாண்டியவர்களுக்கே அதிக அடி. சின்ன ஆய்வுதான், ஆனாலும் அதற்குப் பிறகு நாங்கள் பார்த்து வருவதும் இதே போக்குதான். உங்களுக்கு 27, சொல்வது ஆறு மாதம். கவலைப்பட இடம் இருக்கிறது, ஆனால் கதவு மூடிவிட்டது என்று அழ வேண்டிய இடம் இல்லை.

ஆகவே அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: குறைந்த அளவு எனக்கு ஒத்துவருமா? ஐரோப்பாவில் தொடங்கிய ஒரு முறை இருக்கிறது, 500 மில்லிகிராம் வீதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆறு தடவை, மூன்று மாதத்தில் முடிந்துவிடும், மொத்தம் 3 கிராம்தான். மாத ட்ரிப் ஆறு என்றால் உடல் அளவைப் பொறுத்து அதைப்போல ஒன்றரை மடங்கு முதல் மூன்று மடங்கு வரை போகும். அந்த 3 கிராம் சினைப்பையின் சேமிப்பைப் பெரிதாகத் தொடுவதாகத் தெரியவில்லை. இல்லையென்றால் சைக்ளோபாஸ்பமைடே வேண்டாம், மைக்கோபீனோலேட் மாத்திரை போதுமா என்றும் கேளுங்கள். கிளாஸ் 4-க்கு அதுவும் முதல் வரிசை மருந்துதான், கருமுட்டையை அது தொடாது. ஆனால் கர்ப்பத்தின்போது உள்ளே இருந்தால் குழந்தைக்குக் காது, உதடு எல்லாம் பிறவியிலேயே கோணலாகலாம், அதனால் கருத்தரிக்க முயற்சி செய்வதற்கு ஆறு வாரமாவது முன்னால் நிறுத்தி வேறு மருந்துக்கு மாற வேண்டும். இந்த இரண்டையும் பலர் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். மருந்து கருமுட்டையைக் கெடுப்பது வேறு, வயிற்றில் இருக்கும் பிள்ளையைக் கெடுப்பது வேறு. பிள்ளையை மட்டும் கெடுக்கும் மருந்தை நேரத்தோடு நிறுத்திவிட்டால் ஆபத்தும் அதோடு போய்விடும். உங்கள் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) வேகமாக ஏறுகிறது, மாத ட்ரிப்பேதான் வேண்டும் என்று டாக்டர் சொன்னால் அதற்குக் காரணம் இருக்கும், ஏற்றுக்கொள்ளுங்கள்.

மாத ட்ரிப் என்றே முடிவானால், லூப்ரோலைட் ஊசி பற்றிக் கேளுங்கள், மாதம் ஒன்று, 3.75 மில்லிகிராம். சினைப்பையைத் தற்காலிகமாகத் தூங்க வைக்கும், தூங்குகிற முட்டைக்கு அடி குறைவு என்பது கணக்கு. லூபஸ் பெண்களிடம் செய்த ஓர் ஆய்வில் ஊசி போட்ட 20 பேரில் ஒருவருக்கும், போடாத 20 பேரில் 6 பேருக்கும் சினைப்பை முன்கூட்டியே ஓய்ந்துபோனது. அமெரிக்க மூட்டுவாத நிபுணர்கள் சங்கத்தின் 2020 வழிகாட்டியும் மாத ட்ரிப் ஏற்றும் பெண்களுக்கு இந்த வகை ஊசியைச் சொல்கிறது. ஒரு நுணுக்கம், இதை எங்கள் ஆட்களே சில சமயம் கோட்டை விடுவார்கள்: ஊசி போட்ட முதல் சில நாட்கள் சினைப்பை தூங்காது, உசுப்பப்படும், ஆகவே ட்ரிப்புக்கு 10 முதல் 14 நாள் முன்னால் போட வேண்டும். முதல் ட்ரிப் அவசரம் என்றால் இதற்காகக் காத்திருக்காதீர்கள், இரண்டாவது ட்ரிப்புக்கு முன்னால் வருகிற மாதிரி பார்த்துக்கொள்ளலாம். உடம்பு திடீர் திடீரென்று சூடாகும், வியர்க்கும், எலும்பு கொஞ்சம் தேயும். ஸ்டீராய்டும் கூட இருப்பதால் கால்சியமும் வைட்டமின் டி-யும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கருமுட்டையை எடுத்து உறைய வைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். சொல்வது சுலபம். பத்துப் பன்னிரண்டு நாள் ஹார்மோன் ஊசி, ஈஸ்ட்ரோஜன் ஏறும், லூபஸ் கொதிக்கும் நேரத்தில் அது எரிகிற அடுப்பில் எண்ணெய். ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி இருந்தால் ரத்தம் உறைந்து கால் ரத்தக் குழாயில் அடைக்கும் ஆபத்தும் உண்டு. நோய் அடங்கி இருக்கும் பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் லெட்ரோசோல், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் எல்லாம் சேர்த்துக் கவனமாகச் செய்யலாம், உங்களுக்கு இந்த மாதம் நான் சொல்ல மாட்டேன். செலவும் பாருங்கள். லூபஸ் நம் நாட்டு மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) நாள்பட்ட நோய்ப் பட்டியலில் இருக்கிறது, ஆகவே அதன் சிகிச்சைக்கு அவர்கள் பணம் கட்டியாக வேண்டும். முட்டை உறைவிப்பு என்றால் பெரும்பாலும் உங்கள் பைதான்.

ட்ரிப் தொடங்கும் முன் ஒரு குழாய் ரத்தம் கொடுத்து ஏஎம்ஹெச் பார்த்து வையுங்கள். சேமிப்பு எவ்வளவு என்பதற்கு அது ஒரு குத்துமதிப்பு. பின்னால் ஒப்பிட உதவும்.

கருத்தடை பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்க வெட்கமாக இருந்திருக்கும். கல்யாணம் முந்தினால் இது தேவைப்படும். சாதாரணக் கருத்தடை மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது, இப்போது ஆகாது. கிளினிக்கில் எல்லோருக்கும் கை நீட்டச் சொல்லிப் போடுகிற மூன்று மாத ஊசி எலும்புக்கு நல்லதல்ல, அதுவும் ஸ்டீராய்டு சாப்பிடும் உங்களுக்கு. கருப்பைக்குள் வைக்கும் லூப் நல்லது. அப்புறம், சிறுநீரகம் ஆறு மாதமாவது அமைதியாக இருந்த பிறகுதான் குழந்தைக்கு முயற்சி. ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையை மட்டும் யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள், கர்ப்பத்திலும் அது வேண்டும். எதிர்ப்பு சக்திக்கு என்று கடையில் விற்கிற எக்கினேசியா மூலிகை வகையறாவைத் தொடாதீர்கள். உங்கள் எதிர்ப்பு சக்திக்கு ஏற்கெனவே தலைகால் புரியவில்லை, அதற்கு இன்னும் தெம்பு ஊட்டுவானேன்?

மாப்பிள்ளை வீட்டில் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. என் கருத்து, மாப்பிள்ளையிடமாவது சொல்லிவிடுங்கள், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அவரையும் கூட்டிப் போங்கள். மறைத்து வைத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள்தான் முதலில் மாத்திரையை விடுகிறார்கள்.

சரி, காவடி. எடுக்கலாம், ஆனால் அலகு வேண்டாம். ட்ரிப் ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து இரண்டு வாரம் வரை வெள்ளணு குறைந்து கிடக்கும், கன்னத்தில் குத்துகிற சின்ன வேல் போதும் காய்ச்சலில் கொண்டுபோய்விட. ஜனவரி, பிப்ரவரி வெயில் டர்பனில் எப்படி என்று உங்களுக்கே தெரியும், லூபஸைக் கிளப்பிவிட அது ஒன்றே போதும். முழுக்கை ஜாக்கெட், சன் கிரீம், காலையில் முதல் ஆளாகப் போய் எடுத்துவிட்டு நிழலுக்கு வந்துவிடுங்கள். விரதத்திலும் மாத்திரையைத் தள்ளிப்போடாமல் நேரத்துக்குப் பாலோடு சாப்பிட்டுவிடுங்கள்.