மூடிய நடுமுற்றம், முடியப்போகும் வாடகை ஒப்பந்தம்

கேள்வி: சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு பழைய கடைவீட்டின் இரண்டாம் தளத்தில் ஏழு ஆண்டுகளாகக் கணக்காய்வு அலுவலகம் நடத்துகிறேன். முந்தைய வாடகைதாரர் நடுமுற்றத்தின் மேல் தளம் போட்டு மீட்டிங் அறையாக்கியிருந்தார். அவருக்குப் பணம் கொடுத்துத்தான் இடத்தை எடுத்தேன். ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது, அதைப் பிரித்துத் தராவிட்டால் டெப்பாசிட் 19,500 வெள்ளி கிடையாது என்கிறார் உரிமையாளர். ஒரு மாதம்கூட வாடகை தவறியதில்லை. அவர் மகள் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போனேன். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகட்டுமா, நகர மறுசீரமைப்பு ஆணையமான யுஆர்ஏவிடம் புகார் கொடுக்கட்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். அந்த மன்றம் எடுக்கும் வாடகை வழக்குகள், இரண்டு ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு ஒப்பந்தங்கள் மட்டுமே.

கல்யாணமும் பழக்கமும் வழக்கில் சேராது. இடத்தைப் 'பெற்ற நிலையில்' திருப்பித் தருவதாகக் கையெழுத்திட்டீர்களா, 'மூல நிலையில்' தருவதாகவா? இடம் கைமாறியபோது கொடுத்த கடிதத்தையும் தேடி எடுங்கள். முந்தையவர் செய்த மாற்றங்களையும் நானே அகற்றுவேன் என்ற வரி அதில் இருந்தால், யார் மூடியது என்ற பேச்சுக்கே இடமில்லை.

லிட்டில் இந்தியா 1989 முதல் பழைய கட்டடங்களைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி. அங்கே அனுமதியின்றி இப்படிப்பட்ட வேலை செய்தால் 200,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. கோபத்தில் புகார் எழுதுகிறவர், அந்த அறையை ஏழு ஆண்டு தான் பயன்படுத்தியதையும் சேர்த்தே எழுதிக் கொடுக்கிறார். நோட்டீஸ் உரிமையாளருக்கு மட்டுமே வரும் என்று நம்பியிருக்காதீர்கள்.

இதைவிடப் பலர் மாட்டிக்கொள்வது நாள் கணக்கில். அந்தத் தளத்தைத் தாங்கும் உத்திரங்களின் நுனி, பக்கத்துக் கடைவீட்டோடு பொதுவான செங்கல் சுவருக்குள் செருகியிருந்தால், மறுபுறம் அண்டைவீட்டு மர உத்திரங்களும் அதே சுவரில்தான் உட்கார்ந்திருக்கும். காண்ட்ராக்டர் இழுத்துப் பிடுங்கினால் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் உதிரும். ஓட்டையைச் சிமெண்டால் அடைத்தால் சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல், சுற்றியுள்ள செங்கல் பொரியத் தொடங்கும். பிறகு இரண்டு உரிமையாளர்களும் உங்களிடம்தான் வருவார்கள். ஆகவே முதலில் பதிவுபெற்ற பொறியாளர், அடுத்து அனுமதி, அதன் பிறகே வேலை. இரண்டு மாதத்தில் இது முடியும் என்று கணக்குப் போடாதீர்கள். ஒப்பந்தத் தேதி தாண்டியும் இடம் உங்கள் கையில் இருந்தால், சிவில் சட்டத்தின் 28(4) பிரிவின்படி உரிமையாளர் இரட்டிப்பு வாடகை கேட்கலாம். டெப்பாசிட் மூன்று மாத வாடகை என்றால் உங்கள் வாடகை 6,500 வெள்ளி. மூன்று மாதம் இழுத்தால் கூடுதலாகப் போவதே 19,500.

என் ஆலோசனை, சமரசம். இரண்டு மாத டெப்பாசிட்டை அவரே வைத்துக்கொள்ளட்டும், அகற்றும் வேலையையும் அனுமதியையும் அவர் பார்க்கட்டும் என்று 'வித்தவுட் பிரிஜுடிஸ்' (பேச்சு முறிந்தால் இதை எனக்கு எதிராகக் காட்டக் கூடாது) எனக் குறித்து இந்த வாரமே எழுதுங்கள். 'பெற்ற நிலை' என்ற சொல்லும் சாவி வாங்கிய நாள் படங்களும் கையில் இருந்தால் ஒரு மாதத்தோடு நிறுத்துங்கள். உங்களுக்குள் செய்யும் உடன்படிக்கை யுஆர்ஏவைக் கட்டுப்படுத்தாது. பின்னால் நோட்டீஸோ அபராதமோ வந்தால் செலவை அவரே ஏற்பார் என்ற வரி இல்லாமல் கையெழுத்திடாதீர்கள். சாவியைக் கடைசி நாளுக்குள் கொடுத்து, தேதியோடு ரசீது வாங்குங்கள்.