லிவர்பூலின் ஐரிஷ் வரலாற்றுத் தடத்தை வழிகாட்டி இல்லாமல் நாமே நடந்து பார்க்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது நல்லது?

தாராளமாக முடியும். நிதானமாக நடந்தால் அரை நாள், மொத்தம் ஆறு கிலோமீட்டர் அளவுக்கு வரும். ஐரிஷ் பஞ்ச நினைவுத் தடம் என்றே ஒன்று லிவர்பூலில் இருக்கிறது. ஆங்காங்கே நினைவுப் பலகைகளும் உண்டு. பெரும்பாலோர் ஊர் நடுவில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். நான் சொல்வது வேறு. முதலில் வடக்கே கிளாரன்ஸ் டாக் வாசலுக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து ஊருக்குள் நடந்து வாருங்கள். பஞ்சத்துக்குத் தப்பி அயர்லாந்திலிருந்து கப்பலில் வந்திறங்கியவர்கள் அப்படித்தான் ஊருக்குள் வந்தார்கள். அதே வரிசையில் பார்த்தால்தான் ஒவ்வொரு இடமும் ஏன் அங்கே இருக்கிறது என்பது புரியும்.

ஊர் நடுவே ஆற்றங்கரையில் உள்ள பியர் ஹெட்டிலிருந்து ரீஜென்ட் ரோடு வழியாக வடக்கே அரை மணி நேரம் நடந்தால் கிளாரன்ஸ் டாக் வரும். 1830-இல் நீராவிக் கப்பல்களுக்காகத் திறந்த துறை அது. இப்போது கப்பலும் இல்லை, தண்ணீரும் இல்லை. கருங்கல் மதிலும் வாசலும்தான் மிச்சம். வாசலில் உள்ள பலகையை நின்று படியுங்கள். 1845 முதல் 1852 வரை பஞ்சத்துக்குத் தப்பி லிவர்பூல் வந்த 13 லட்சம் பேரில் பெரும்பாலோர் இந்த வாசல் வழியாகத்தான் நுழைந்தார்கள் என்கிறது அது. 1847-இல் மட்டும் ஏறக்குறைய 3 லட்சம் பேர். ஊரின் மக்கள்தொகை 4 லட்சத்தைக்கூட எட்டாத காலம் அது.

உருளைக்கிழங்குப் பயிர் அழுகி ஜனங்கள் பட்டினி கிடந்தபோதும் அயர்லாந்திலிருந்து ஓட்ஸும் வெண்ணெயும் ஆடுமாடுகளும் இங்கே ஏற்றுமதியாகிக்கொண்டுதான் இருந்தன. பல கப்பல்களில் மாடுகளும் மனிதர்களும் ஒன்றாகவே வந்தார்கள். 1848 டிசம்பரில் அயர்லாந்தின் ஸ்லைகோவிலிருந்து லிவர்பூலுக்குக் கிளம்பிய ‘லண்டன்டெரி’ என்ற கப்பல் புயலில் சிக்கியது. மேல்தளத்தில் நின்றிருந்த பயணிகளைக் கீழே ஒரு சிறிய அறைக்குள் தள்ளி மூடிவிட்டார்கள். 72 பேர் மூச்சுமுட்டிச் செத்துப்போனார்கள். அந்த வாசலில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவுதான் வரும்.

சென்னைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயமும் இதில் இருக்கிறது. அந்தப் பஞ்சத்தின்போது லண்டன் கருவூலத்தில் இருந்துகொண்டு நிவாரணத்தை நடத்தியவர் சார்லஸ் டிரெவெல்யன். சந்தைப் போக்கில் அரசு தலையிடக் கூடாது, இலவசமாகக் கொடுத்தால் ஜனங்கள் உழைக்க மாட்டார்கள் என்பது அவர் கொள்கை. நிவாரணத்தில் கஞ்சத்தனம் காட்டியதற்காக ஐரிஷ்காரர்கள் இன்றுவரை அவரை மன்னிக்கவில்லை. அதே மனிதர்தான் 1859-இல் சென்னை மாகாண ஆளுநராக வந்து பீப்பிள்ஸ் பார்க்கை உருவாக்கினார். ரிப்பன் கட்டடமும் நேரு ஸ்டேடியமும் பிற்பாடு எழும்பியது அந்தப் பூங்கா நிலத்தில்தான்.

சரி, நடையைத் தொடர்வோம். ஸ்காட்லாந்து ரோடு பகுதியில் பார்க்க அதிகம் இல்லை. ஐரிஷ் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த முற்றத்து வீடுகளும் நிலவறைகளும் எப்போதோ இடிக்கப்பட்டுவிட்டன. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு கடந்து போங்கள். டி. பி. ஓ’கானர் என்ற ஐரிஷ் தேசியவாதியை 1885 முதல் 1929-இல் அவர் சாகும்வரை இந்தத் தொகுதி நாடாளுமன்றத்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. இங்கிலாந்தில் வேறெந்தத் தொகுதியிலும் அவருடைய ஐரிஷ் தேசியவாதக் கட்சி ஜெயித்ததில்லை.

அடுத்தது லைம் ஸ்டிரீட் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள செயின்ட் ஜார்ஜஸ் ஹால். உள்ளே வரிசையாகப் பெரிய மனிதர்களின் பளிங்குச் சிலைகள், எல்லோரும் ஆண்கள். நடுவே ஒரே ஒரு பெண்: கிட்டி வில்கின்சன். அயர்லாந்தின் டெரி நகரில் பிறந்தவர், பஞ்சத்துக்கு வெகுகாலம் முன்பே சிறுமியாக வந்தவர், வீட்டு வேலை செய்து பிழைத்தவர். 1832-இல் காலரா பரவியபோது அந்தத் தெருவில் வெந்நீர் கொப்பரை இருந்தது அவர் வீட்டில்தான். நோயாளிகளின் துணியையும் படுக்கைவிரிப்பையும் கொண்டுவந்து துவைத்துக்கொள்ளுங்கள் என்று அக்கம்பக்கத்தாருக்குக் கதவைத் திறந்துவிட்டார். கிருமி என்றால் என்னவென்று மருத்துவர்களுக்கே தெரியாத காலத்தில் இதைச் செய்தார். 1842-இல் ஃபிரெடரிக் ஸ்டிரீட்டில் பிரிட்டனின் முதல் பொதுச் சலவைக்கூடம் திறக்கப்பட்டதற்கு அதுதான் வித்து. அவருக்கு அங்கே சிலை வைக்க 2012 வரை ஆயிற்று! இந்தத் தடத்தில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைத்தான் பார்க்கச் சொல்வேன். ஹாலில் அடிக்கடி நிகழ்ச்சிகள் நடக்கும். அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து பிரவுன்லோ ஹில் மேட்டில் ஏறினால் வட்ட வடிவக் கத்தோலிக்கப் பேராலயம் வரும். 1967-இல் திறந்தது. எல்லோரும் வண்ணக் கண்ணாடியை அண்ணாந்து பார்ப்பார்கள். காலடி நிலத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். நாட்டின் மிகப் பெரிய ஏழை விடுதிகளில் ஒன்று இங்கேதான் இருந்தது. போக்கிடம் இல்லாத ஐரிஷ்காரர்களுக்கு அதுதான் கடைசிப் புகலிடம். அப்புறம் ஹோப் ஸ்டிரீட் வழியாக நேரே போனால் ஆங்கிலிக்கன் பேராலயம். அதன் அருகே பள்ளத்தில் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் கிட்டியின் கல்லறையைப் பார்க்கலாம்.

சற்றுக் கீழே இறங்கினால் செயின்ட் லூக்ஸ். 1941 குண்டுவீச்சில் கூரை இழந்து சுவர்கள் மட்டும் நிற்கும் தேவாலயம். அதன் தோட்டத்தில்தான் பஞ்ச நினைவுச்சின்னம் இருக்கிறது. 1998-இல் ஐரிஷ் குடியரசுத் தலைவர் மேரி மெக்கலீஸ் வந்து திறந்துவைத்தார்.

பலர் இத்தோடு முடித்துக்கொள்கிறார்கள். முடிந்தால் இன்னும் இருபது நிமிடம் தெற்கே நடந்து பார்க் பிளேஸில் உள்ள செயின்ட் பேட்ரிக்ஸ் தேவாலயம் வரை போங்கள். வெளியே ஒரு கெல்டிக் சிலுவை நிற்கும். 1847-இல் டைஃபஸ் காய்ச்சலில் கிடந்தவர்களின் நிலவறைகளுக்குள் இறங்கிப் போய், அதே காய்ச்சலில் இறந்த பத்துப் பாதிரியார்களுக்கான சிலுவை அது. அந்த ஆண்டில்தான் நகருக்கென ஒரு சுகாதார அதிகாரியாக மருத்துவர் டங்கன் பொறுப்பேற்றார். பிரிட்டனிலேயே அப்படியொரு பதவி அதுதான் முதல்.

ரீஜென்ட் ரோட்டில் ஆற்றுக்காற்று கடுமையாக அடிக்கும், மழை வந்தால் ஒதுங்க இடம் கிடையாது. குடையை நம்பாமல் மழைக்கோட்டு எடுத்துப்போங்கள். அக்டோபரில் போவதாக இருந்தால் லிவர்பூல் ஐரிஷ் விழாவும் அந்த மாதம்தான் நடக்கும், தேதி பார்த்துத் திட்டமிடுங்கள்.