நண்பர்களை வைத்து ஒரு புகைப்படத் தொடர்: எதை முடிவு செய்வது, எதை விட்டுவிடுவது?

கேள்வி: நாங்கள் மூன்று பேர், கல்லூரிக் காலத்து நண்பர்கள். நான் புகைப்படம் எடுப்பேன், மற்ற இருவரும் கேமரா முன் நிற்பார்கள். ஒரு தொடராகச் செய்ய ஆசை. காட்சியை எழுதிக்கொண்டு போனால் எல்லாம் விறைப்பாக வருகிறது. சும்மா போனால் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். என்ன செய்யலாம்?

பதில்: காட்சியை எழுதுவதை முதலில் நிறுத்துங்கள். அதற்காக எதையுமே முடிவு செய்யாமல் போகவும் வேண்டாம். இரண்டு விஷயங்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மீதியை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

புகைப்படக் கலைஞர் கௌரி கில் 2015-இல் மகாராஷ்டிராவின் ஜவ்ஹார் பகுதியில் தொடங்கிய 'ஆக்ட்ஸ் ஆஃப் அப்பியரன்ஸ்' தொடரைத் தேடிப் பாருங்கள். அங்குள்ள கோக்ணா, வார்லி ஆதிவாசிக் கலைஞர்கள் போஹடா திருவிழாவுக்குக் காகிதக்கூழில் முகமூடி செய்பவர்கள். வழக்கமாகத் தெய்வங்களும் அசுரர்களும்தான். இந்தக் கலைஞர்களிடம் கில் கேட்டது இன்றைய மனிதர்களை, விலங்குகளை, புழங்கும் பொருட்களை. அந்த முகமூடிகளை மாட்டிக்கொண்டு ஊர்க்காரர்களே அன்றாடக் காட்சிகளை நடித்துப் பார்த்தார்கள். முகமூடியும் ஊரும் முன்பே முடிவானவை. நடிப்பு அங்கேயே பிறந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். முகம் மறைந்துவிட்டதால் தோளும் கையும் பேச ஆரம்பிக்கின்றன. உங்கள் நண்பர்கள் விறைப்பதும் பெரும்பாலும் முகத்தில்தான். திரும்பி நிற்கச் சொல்லுங்கள், துண்டால் மூடச் சொல்லுங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

அலெஸாந்த்ரா சங்கினெட்டி என்ற புகைப்படக் கலைஞரின் கதை வேறு. அர்ஜென்டினாவில் ஒரு பண்ணையில் கால்நடைகளைப் படமெடுக்கப் போனவர், அங்கே சுற்றிச்சுற்றி வந்த கியே, பெலிண்டா என்ற இரண்டு சிறுமிகள் பக்கம் 1999-இல் கேமராவைத் திருப்பினார். அவர்கள் கனவுகளையும் விளையாட்டுகளையும் நடித்துக் காட்ட, அது பல ஆண்டுத் தொடராக வளர்ந்தது. அவசரப்பட்டிருந்தால் இது நடந்திருக்காது.

சரி, உங்களுக்கு வருவோம். ஒரே இடம், ஒரே பொருள். பழைய குடையோ பெட்ஷீட்டோ போதும். 120 என்ற அகலமான ஃபிலிம் சுருளில் சதுரப் படம் ஒரு ரோலுக்கு 12தான். போனில் எடுத்தாலும் அதே 12-ஐ வரம்பாக வையுங்கள். முதலில் வருவது எப்படியும் சினிமா போஸாகத்தான் இருக்கும். தடுக்காதீர்கள், எடுத்துத் தீர்த்துவிடுங்கள். அப்புறம் நண்பர்களில் ஒருவர் கையைத் தொங்கவிட்டு, "இப்ப என்னடா பண்ண?" என்று உங்களைப் பார்ப்பார். அப்போது பதில் சொல்லாதீர்கள். குடையை மடக்குவார், காலால் மண்ணைத் தள்ளுவார், மற்றவரைச் சீண்டுவார். அங்கே அழுத்துங்கள்.

நடுநடுவே கேமராவை அவர்களிடம் கொடுத்துவிட்டு நீங்கள் முன்னால் போய் நில்லுங்கள். எப்போதும் ஒருவரே பார்க்கிறவர், மற்றவர்கள் பார்க்கப்படுகிறவர்கள் என்றிருந்தால் நட்பில் லேசாக ஒரு மேஸ்திரித்தனம் வந்துவிடும்.

படங்களைச் சின்ன பிரிண்ட்டாகப் போட்டுத் தரையில் பரப்பி மூவரும் சேர்ந்து பொறுக்குங்கள். ஒருவர் "இது வேண்டாம்" என்றால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள், அதுவே உங்களுக்கு ரொம்பப் பிடித்த படமாக இருந்தாலும். யார் பெயர் எங்கே வரும், படம் விற்றால் பணம் எப்படிப் பிரியும் என்பதையும் இப்போதே வாட்ஸ்அப்பில் நாலு வரி எழுதி, மூவரும் ஓகே போட்டுவிடுங்கள். கண்காட்சிக்கு அழைப்பு வந்த பிறகு பேச ஆரம்பித்தால் சங்கடம்தான்.