அப்பா பிரெஞ்சு, அம்மா தமிழ்: ஆரோவில்லைப் படமெடுக்க எங்கே தொடங்குவது?

பிரெஞ்சு அப்பா, புதுச்சேரித் தமிழ் அம்மா, ஊர் ஊராகப் போய்ப் படமெடுக்கும் தொழில். வழக்கத்துக்கு மாறாகக் கூடி வாழும் மாற்று வாழ்க்கைச் சமூகங்களை எடுக்க ஆசை, புதுச்சேரிக்கு அருகே பல நாட்டவர் சேர்ந்து வாழும் ஆரோவில்லில் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகத் தொடங்கலாம். ஆனால் கலப்புப் பிறப்பு அங்கே புதிதல்ல. ஆரோவில்லை நிறுவிய, 'அன்னை' என்று அழைக்கப்படும் மீரா அல்ஃபாஸாவே துருக்கித் தந்தைக்கும் எகிப்தியத் தாய்க்கும் 1878இல் பாரிசில் பிறந்தவர். 1968 பிப்ரவரி 28 அன்று நடந்த தொடக்க விழாவில் 124 நாடுகளின் மண்ணை ஒரே கலசத்தில் இட்டார்கள். உங்களுக்குக் கைகொடுக்கப்போவது மொழிதான். பக்கத்துக் கிராமமான குயிலாப்பாளையத்தின் கடைத்தெருவில் உங்கள் முகத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் பேச்செடுத்தால், தமிழிலேயே பதில் சொல்லுங்கள். முதல் இரண்டு நாள் கேமரா பையிலேயே இருக்கட்டும்.

ஆரோவில்லின் நடுவிலுள்ள தங்கக் கோள வடிவத் தியான மண்டபமான மாத்ரிமந்திருக்குள் கேமரா, போன் எதற்கும் அனுமதி இல்லை. வெளியே, பார்வையாளர்களுக்கான இடத்திலிருந்து எடுக்கலாம். பத்திரிகை, கண்காட்சி, விற்பனை என்று எண்ணமிருந்தால் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கிவிடுங்கள். பண்ணையும் பள்ளியும் சுற்றுலாத் தலங்கள் அல்ல. குழந்தைகளை எடுக்கும் முன் பெற்றோரின் சம்மதம் வேண்டும். எல்லாச் சமூகங்களிலும் இந்த ஒழுங்கு உண்டு. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் உள்ள கிறிஸ்தியானியா என்ற மாற்று வாழ்க்கைச் சமூகத்தில், கஞ்சா விற்ற தெருவில் படமெடுக்கக் கூடாது என்று பலகையே வைத்திருந்தார்கள்.

தங்கக் கோளத்தை எடுக்கையில் பலரும் சறுக்குவது எக்ஸ்போஷரில், அதாவது கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவில். வெயிலில் தங்கத் தகடுகள் வெளுத்துப்போகும், பிறகு மீட்க முடியாது. சென்சார் பதிந்த தகவலைச் சுருக்காமல் வைத்திருக்கும் ரா கோப்பில் எடுங்கள். வெயில் படும் தகடு வெளுக்காதபடி பார்த்து, கேமரா காட்டும் அளவிலிருந்து முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகும்) குறைத்து வையுங்கள். செம்மண் தூசி இன்னொரு தொல்லை. சென்சாரில் ஒட்டினால் எஃப்16 போன்ற சிறிய லென்ஸ் துளையில் வானமெங்கும் புள்ளி தெரியும். அதனால் பாதையில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். ஏசி அறையிலிருந்து கிளம்பும்போது பையை மூடியே அரை மணி நேரம் வெளியில் வைத்திருந்தால் லென்ஸில் ஆவி படியாது.

கோளத்தையும் வெள்ளைக்காரர்களையும் மட்டுமே எடுத்துத் திரும்புவதுதான் பெரிய தவறு. அங்கே வாழ்பவர்களில் மிகப் பெரிய கூட்டம் இந்தியர்கள், அவர்களில் ஏராளமானோர் சுற்றுக் கிராமத் தமிழர்கள். அரித்துப்போய்க் கிடந்த செம்மண் மேட்டைக் காடாக்கிய வரப்புகளையும் எடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை விட்டதும், சாய்ந்த வெயிலில், கேமராவைத் தரையோடு தாழ்த்திப் பிடித்தால் தேங்கிய நீரும் வரப்பின் வளைவும் தெளிவாக விழும்.

படக்குறிப்பில் அதிகக் கவனம் தேவை. தோலைப் பார்த்து "வெளிநாட்டவர்", "உள்ளூர்க்காரர்" என்று எழுதிவிடாதீர்கள். அங்கேயே பிறந்து தமிழில் திட்டிச் சிரிக்கும் பொன்னிறத் தலைமுடிக்காரரும் இருப்பார். "உங்களை எப்படிக் குறிப்பிடட்டும்?" என்று கேட்டு, அவர் சொன்ன சொல்லையே அன்றிரவே எழுதி வையுங்கள். சம்மதத்தையும் அதே பக்கத்தில் குறியுங்கள்: இணையத்தில் போடலாமா, அச்சில் மட்டுமா, பெயர் வரலாமா. கிளம்பும் முன் புதுச்சேரி ஸ்டுடியோ ஒன்றில் 4க்கு 6 அளவில் பிரிண்ட் போட்டு, படத்தில் இருப்பவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். வேண்டாம் என்று யாராவது சொன்னால் அந்தப் படத்தை அவர் எதிரிலேயே அழியுங்கள்.